மன்றக் கூட்டம் எழுதப் பழகினேன்

மாநகராட்சிக் கூட்டம் என்றால் சத்தம். 2022 கோடையில் ஒரு நாளிதழின் திருநெல்வேலி அலுவலகத்தில் பயிற்சி நிருபராகச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சேரன்மகாதேவியிலிருந்து பேருந்தில் வந்துபோவேன். இதழியல் பட்டயம் கையில் இருந்தது; தமிழைப் பிழையில்லாமல் எழுதுவேன். இந்தத் தகுதிகளை நம்பி என்னை மாமன்றக் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு அந்த வேலை பழக்கம் விட்டுப்போயிருந்தது இன்னொரு காரணம். 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19 தேர்தல் வரை இங்கே மன்றமே கிடையாது. ஆணையரே தனி அலுவலர். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தீர்மானத்தை முன்வைத்தவரும் அவரே, நிறைவேற்றியவரும் அவரே. எதிர்த்துப் பேச ஆளில்லாத இடத்தில் நிருபருக்கு என்ன வேலை?

பழக்கம் விடாதவர் ஒருவர் இருந்தார். ஓய்வு வயதைத் தாண்டியும் பகுதி நேரமாக வந்துபோனவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும். 1994-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூர் பேரூராட்சியையும் சேர்த்து மாநகராட்சி ஆக்குவதற்கு முன்பே, சைக்கிளில் சுலோச்சன முதலியார் பாலத்தைக் கடந்து ஆற்றுக்கு இரண்டு பக்கமும் நகராட்சிக் கூட்டம் எழுதியவர். 1996-இல் உமா மகேஸ்வரி முதல் மேயராக வந்ததையும் அவர்தான் எழுதினார். “இது ஒரு ஊரு இல்லம்மா, நாலு ஊரு. நாலும் இன்னும் ஒட்டல” என்பார். அப்போது எனக்குப் புரியவில்லை. நான்கு மண்டலங்களுக்கும் அந்தப் பழைய நான்கு ஊர்களின் பெயர்தான். ‘எங்க மண்டலத்துக்கு என்ன ஒதுக்கினீங்க’ என்ற கேள்வி எழாத கூட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் முதல் செய்தியில் ‘கடும் அமளி’, ‘காரசார விவாதம்’, ‘கூச்சல் குழப்பம்’ மூன்றும் இருந்தன. அண்ணாச்சி மூன்றையும் சிவப்பு மையால் சுழித்தார்.

“கத்துனாவ, சரி. எதுக்குக் கத்துனாவ?”

“சொத்து வரிக்கு அண்ணாச்சி.”

“எவ்வளவு கூடுது?”

“25-லேர்ந்து 100 சதவீதம் வரைக்கும்.”

“ஒங்க வீட்டுக்கு எவ்வளவு?”

எனக்கு வாய் திறக்கவில்லை. அந்த ஏப்ரலில் மாநில அரசு அறிவித்திருந்த விகிதம் என் குறிப்பேட்டில் சுத்தமாக இருந்தது: குடியிருப்புகளில் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. எண்கள் எல்லாம் சரி. ஆனால் எதனுடைய 25 சதவீதம், ஆண்டுக்கா அரையாண்டுக்கா, ரசீதில் எந்த வரி கூடும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வரி ரசீது ஒன்றை நான் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் டவுனில் ரத வீதிகளுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளுக்கு அனுப்பினார். வீடு வீடாகப் போய் ரசீதைக் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டும். பாதிப் பேர் என்னை வரி வசூலிக்க வந்தவள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு பாட்டி துணிப்பைக்குள் சுருட்டி வைத்திருந்த பழைய ரசீதுகளை எடுத்துத் தந்தார். தாள் மடிப்புகளில் கிழிந்திருந்தது. அதை மடியில் விரித்துப் பார்த்தபோதுதான் இந்த வரியை அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுகிறார்கள் என்பதே எனக்கு உறைத்தது. அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டிய சின்ன வீட்டுக்கு இனி 500. இன்னொன்றும் அங்கேயே தெரிந்தது. 600 சதுர அடி வீட்டுக்கு 25 சதவீதம்; பக்கத்தில் 610 சதுர அடி இருந்தால் 50. பத்து சதுர அடியில் விகிதம் இரட்டிப்பாகிறது. அளந்த அதிகாரி நாடாவை எப்படிப் பிடித்தார் என்பதே அந்தச் சந்தில் சண்டையாக இருந்தது. மன்றத்தில் கத்திய உறுப்பினர்களில் சிலர் இதைத்தான் கத்தியிருக்கிறார்கள். நான் அமளியை மட்டும் கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

அடுத்து கற்றது உட்காரும் இடம். 55 பேர் இருக்கும் மன்றத்தில் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் எழுந்தால், புதிதாக வந்தவளுக்கு அது ஒரே குரல். பேசியவர் யாரென்று பக்கத்து நிருபரிடம் கேட்பேன். அவர் சொல்வதற்குள் அடுத்தவர் பேசி முடித்திருப்பார். அண்ணாச்சி ஒரு பெரிய தாளில் கட்டம் போடச் சொன்னார். எந்த இருக்கையில் எந்த வார்டு என்று ஒவ்வொரு கட்டத்திலும் எண். பேசியவர் பெயரை எழுதக்கூடாது. எண்ணை மட்டும் குறித்து, பக்கத்தில் இரண்டே சொல். ‘குழாய்—மஞ்சள்’, ‘விளக்கு—மாதம்’, ‘நாய்’. சுருக்கெழுத்து தெரியாதவளுக்கு இதுதான் சுருக்கெழுத்து. தொடக்கத்தில் தாளைப் பார்த்தால் ஆளைத் தவறவிட்டேன், ஆளைப் பார்த்தால் கட்டம் மாறிப்போனது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ‘விளக்கு’ என்ற சொல் எந்த வார்டுக்கும் சேராமல் ஓரத்தில் கிடக்கும். அதைச் செய்தியில் எழுத முடியாது. அதற்கு மறுநாள் அலைந்து ஆளைத் தேடவேண்டும். பல கூட்டங்களுக்குப் பிறகு ஒருநாள், தலையைத் தூக்காமலே கை சரியான கட்டத்துக்குப் போனது. குரலை வைத்தே வார்டு தெரிந்துவிட்டது. பக்கத்து நிருபர் “யாரு பேசினா?” என்று என்னைக் கேட்டார். அன்று பேருந்தில் நின்றுகொண்டே வந்ததுகூடத் தெரியவில்லை.

ஆனால் சத்தத்தைப் பிடிக்கப் பழகியது பாதி வேலைதான். மீதி, தாளில் இருந்தது.

கூட்டத்துக்கு முன்னால் அஜெண்டா என்று ஒரு கட்டு வரும். ஒவ்வொரு விஷயமும் ஒரு பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். முதலில் இதை மேலிருந்து கீழாகப் படித்தேன். அரசாணை எண், கடித எண், ‘பார்வையில் காணும்’, ‘மேற்படி’ என்று இரண்டு பக்கம் போனதும் கண் சொருகும். அண்ணாச்சி கட்டைத் திருப்பிக் கையில் கொடுத்து, ஒவ்வொரு பொருளின் கடைசி வரியை மட்டும் படிக்கச் சொன்னார். உறவுக்காரர் எழுதும் கடிதம் மாதிரி: மூன்று பக்கம் நலம் விசாரிப்பு, கடைசி வரியில் பணம். ‘மன்றத்தின் பார்வைக்கும் பதிவிற்கும்’ என்று முடிந்தால், முடிவு வேறெங்கோ எடுத்தாயிற்று. உறுப்பினர்களுக்குத் தகவல் சொல்கிறார்கள். ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்றால், இன்று இங்கே கை தூக்காமல் அது நகராது. ‘பின்னேற்பு’ என்றால் வேலை முடிந்தே போயிருக்கும், சில சமயம் பணமும் போயிருக்கும். ஆமாம் சொல்லத்தான் மன்றம். அதற்குப் பிறகு நடுவில் இருக்கும் மதிப்பீட்டுத் தொகையையும், அது எந்த நிதியில் இருந்து போகிறது என்பதையும் பார்க்கவேண்டும். மாநகராட்சிக்கு வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்று பைகள். எந்தப் பையில் கை விடுகிறார்கள் என்று பார்க்காமல் தொகையை மட்டும் எழுதினால் அண்ணாச்சி தாளைத் திருப்பித் தந்துவிடுவார்.

இவ்வளவு கற்ற பிறகுதான் நான் பெரிதாகச் சறுக்கினேன். அது மாநகராட்சியில் இல்லை. பக்கத்தில் ஒரு சிறிய நகராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம். அஜெண்டாவை முந்தின இரவே கடைசி வரி கடைசி வரியாகப் படித்து, முக்கியமான பொருள்களுக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளி வைத்து, ரொம்பத் தெம்பாகப் போயிருந்தேன். கூட்டம் தொடங்கும் நேரத்தில் ஒரு பணியாளர் வந்து எல்லோர் கையிலும் ஒற்றைத் தாள் ஒன்றைக் கொடுத்தார். நகல் எடுத்த சூடு இன்னும் தாளில் இருந்தது. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் அதையே குறிப்பெடுக்க வைத்துக்கொண்டேன். தெருநாய்கள் பற்றி அரை மணி நேரம் சண்டை. அத்தனையையும் அந்த வெள்ளைப் பக்கத்தில் வார்டு வார்டாக எழுதினேன். எழுதிய தாளைத் திருப்பவே இல்லை.

மறுநாள் இன்னொரு நாளிதழில், நகராட்சிக் கடைகளின் குத்தகையைப் பொது ஏலம் இல்லாமல் பழையவர்களுக்கே நீட்டித்த தீர்மானம் முதல் செய்தியாக வந்திருந்தது. எந்தக் கூட்டத்தில் என்று படித்தால், நான் இருந்த கூட்டம். எப்போது என்று பார்த்தால், நாய்ச் சண்டை ஓயும் நேரத்தில், தலைவர் எண்ணை வாசிக்க, இரண்டு பேர் முன்மொழிந்து வழிமொழிய, மூச்சு விடும் நேரத்தில் முடிந்திருக்கிறது. பையைத் துழாவி அந்தத் தாளை எடுத்துத் திருப்பினேன். என் கையெழுத்து மறுபக்கம் ஊறித் தெரிய, அதற்கு நடுவில் குத்தகைப் பொருள் முழுதாக அச்சாகியிருந்தது.

அண்ணாச்சி திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. “டேபிள் அஜெண்டாம்மா அது” என்று மட்டும் சொன்னார். கட்டோடு வராமல் கடைசி நேரத்தில் மேசைக்கு வருவது. அவசரத்துக்கும் வரும், யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்கும் வரும். எது எதுவென்று முதலிலேயே சொல்ல முடியாது. ஆகவே கையில் வந்த உடனே எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இப்போதெல்லாம் கூட்டத்தில் தாள் கை மாறும்போது விரல்தான் முதலில் விழித்துக்கொள்கிறது. பின் குத்தாமல் ஒற்றையாக, சூடாக ஒரு தாள் வந்தால், பேசுகிறவர் யாராக இருந்தாலும் அந்த ஒரு நிமிடம் நான் கேட்பதில்லை.

அந்த அடிக்குப் பிறகு தாள் மீது எனக்கு வெறி வந்துவிட்டது. பின்னேற்பு என்று எங்கே கண்டாலும் திருட்டுத்தனம் என்றே எழுதத் தோன்றியது. அண்ணாச்சி இரண்டு முறை அடித்துத் தந்தார். நான் மனதுக்குள் அவர் கிழவராகிவிட்டார் என்று நினைத்தேன். 2023 டிசம்பர் 17, 18 மழை அந்த நினைப்பைக் கழுவியது. தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள்ளும் சந்திப்புப் பேருந்து நிலையப் பகுதிக்குள்ளும் ஏறி, கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகம் வரை நின்றது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. இந்த ஊருக்குக் குடிநீர் வருவதே ஆற்றில் இருக்கும் உறைகிணறுகளில் இருந்து. வெள்ளம் அவற்றையும் விடவில்லை. தெருவெல்லாம் தண்ணீர், குடிக்கச் சொட்டு இல்லை. மோட்டாரை வெளியே எடுப்பதற்கும், லாரியில் தண்ணீர் கொண்டுபோவதற்கும், சகதி அள்ளுவதற்கும் மன்றம் கூடி அனுமதி தரும்வரை யார் காத்திருப்பார்கள்? அடுத்து வந்த அஜெண்டாவில் பின்னேற்புப் பொருள்களைப் பார்த்தபோது பேனா தயங்கியது. “இப்ப படி” என்றார் அண்ணாச்சி. “வேலை நடந்த தேதி, வெள்ளத் தேதி, மதிப்பீடு போட்ட தேதி மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுது. மூணும் நெருங்கி இருந்தா அது வெள்ளம். தள்ளி இருந்தா அது வேற.” நான் இன்றுவரை பின்னேற்பைப் பார்க்கும் முறை அதுதான். தீர்ப்பு சொல்வதற்கு முன் மூன்று தேதி.

தாள் வெறி இன்னொரு வகையிலும் என்னைக் கெடுத்திருந்தது. எண் இல்லாத பேச்சை மதிக்காமல் போனேன். உறுப்பினர் ஒருவர், நடுத்தர வயதுப் பெண், ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து தன் வார்டில் ஒரே தெருவின் பெயரைச் சொல்லி, குழாயில் நாற்றத் தண்ணீர் வருகிறது என்பார். மேயர் “அதிகாரிகள் பார்ப்பார்கள்” என்பார். அவர் உட்கார்ந்துவிடுவார். நான் எழுதமாட்டேன், போன மாதமும் இதேதானே?

“அந்தம்மா என்ன சொன்னா?” என்று ஒருநாள் அண்ணாச்சி கேட்டார்.

“அதே குழாய்தான் அண்ணாச்சி. புதுசா ஒண்ணுமில்ல.”

“ஒரே தெருவை ஒரு வருசமாச் சொல்லுதா. புதுசு இல்லன்னு நீ சொல்லுத. அதுதாம்மா புதுசு.” பிறகு சற்று எரிச்சலோடு, “எல்லாம் பேப்பர்லயே இருக்குன்னா கூட்டம் எதுக்கு? தபால்ல அனுப்பிருவானே” என்றார்.

குறிப்பேடுகளைப் பின்னோக்கிப் புரட்டினேன். கட்டத்தாள்களில் அந்த வார்டு எண்ணுக்குப் பக்கத்தில் ‘குழாய்’, ‘குழாய்’, ‘குழாய்’. அடுத்த வாரம் அவரோடு அந்தத் தெருவுக்குப் போனேன். மன்றத்தில் இரண்டு நிமிடம் பேசித் திணறும் அதே பெண், தெருவில் ஒவ்வொரு வீட்டுக் குழாய்க்கும் வரலாறு சொன்னார்: எந்த வீட்டில் எந்த நாளில் தண்ணீர் மஞ்சளாக வந்தது, பாதாள சாக்கடைக்குத் தோண்டியபோது குழாய் எங்கே நசுங்கியது, மேலே எந்த இடத்தில் மண் இறங்கியிருக்கிறது. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எங்கே ஒன்றன் மேல் ஒன்றாகப் போகின்றன என்று காலால் மண்ணில் கோடு இழுத்துக் காட்டினார். இந்த ஊரில் கழிவுநீர் ஆற்றில் கலப்பது பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்கு போயிருக்கிறது. அதை நான் நீதிமன்றச் செய்தியாகப் படித்திருக்கிறேன். அது ஒரு தெருவில் குடத்தின் வாயில் எப்படி நாறும் என்பது அன்றுதான் தெரிந்தது. செய்தி வந்த பிறகு ஆள்கள் வந்து தோண்டினார்கள். எதனால் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். ஓராண்டு எழுந்து நின்றவர் அவர்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. ‘கணவர்தான் எல்லாம் பார்க்கிறார்’ என்று எங்கள் தொழிலில் ஒரு சிரிப்பு உண்டு. அப்படி நடக்கும் இடங்களும் உண்டு. ஆனால் நான் பார்த்த அளவில், அந்தச் சிரிப்பைச் சிரித்த நிருபர்கள் பலருக்கும் குழாய்ப் பேச்சு காதில் விழுந்ததே இல்லை. எனக்கும் விழாமல்தானே இருந்தது.

எண்ணைக் கழிக்கப் பழகியது 2024-இல். அந்த ஆண்டு ஜனவரி 12 அன்று, மேயர் பி.எம். சரவணன் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்காகக் கூட்டம். தீர்மானம் கேட்டுக் கடிதம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அவருடைய கட்சிக்காரர்களே. நான் கட்டத்தாளோடு முன்னதாகவே போய் உட்கார்ந்தேன். ஒரு உறுப்பினரும் வரவில்லை. 55 கட்டமும் வெறுமை, தீர்மானம் தோற்றுப்போனது. யாரும் பேசாத கூட்டத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ‘பரபரப்பு’ என்று தொடங்கி அடித்தேன். கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை, வந்தவர்கள் பூஜ்யம், இடையில் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார் அண்ணாச்சி. இடையில் நடந்ததைக் கண்டுபிடிக்க என்னால் முழுதாக முடியவில்லை. கிடைத்தது வரை எழுதினேன்.

அந்த ஜூலையில் மேயர் பதவி விலகினார். ஆகஸ்ட் 5 அன்று மறைமுகத் தேர்தல். 54 பேர் வாக்களித்தார்கள்: தி.மு.க. வேட்பாளர் கோ. ராமகிருஷ்ணனுக்கு 30, அதே கட்சியிலிருந்து எதிர்த்து நின்ற பவுல்ராஜுக்கு 23, செல்லாதது ஒன்று. முடிவு அறிவித்ததும் எல்லோரும் மாலைக்கு ஓடினார்கள். நான் தாளில் கழித்துக்கொண்டிருந்தேன். 2022-இல் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது வெறும் 4 இடம். நான்கு பேரும் அந்தப் பக்கமே போட்டிருந்தாலும், மீதி 19 பெரும்பாலும் ஆளும் அணிக்குள் இருந்துதான் வந்திருக்கவேண்டும். எதிர்க்கட்சி இல்லாத மன்றம் என்று நானே எழுதியிருந்தேன். எதிர்க்கட்சி உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அந்த வரியை அண்ணாச்சி தொடவில்லை. அவர் தொடாமல் விட்ட என் வரிகளை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன், அதிகம் இல்லை.

இப்போது அவர் வருவதை நிறுத்திவிட்டார். 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தைப் பிரிவு எண்ணோடு சொல்லக்கூடியவர். 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் புதிய விதிகளும் நடைமுறைக்கு வந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். “நான் படிச்சதெல்லாம் செல்லாக் காசாயிட்டு” என்பார். புது விதிகளை நான்தான் படித்துக் காட்டுகிறேன். வார்டு குழு, பகுதி சபை என்று வந்தால் நிறுத்தச் சொல்லி, “அது இங்க நடக்குதா? பாத்தியா?” என்பார். பார்த்ததை மட்டும் சொல்லவேண்டும். நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் நடந்த பகுதி சபை ஒன்றுக்குப் போய்வந்து சொன்னேன். எத்தனை பேர் வந்தார்கள் என்றார். அவர்களில் எத்தனை பேர் கட்சிக்காரர் இல்லாதவர் என்றார். இரண்டாவதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

இன்னும் கைக்கு வராதது பட்ஜெட். மூன்று நிதிக்கும் வரவு, செலவு, பற்றாக்குறை எழுதிவிடுவேன். எல்லா நாளிதழும் அதை எழுதும். போன தடவை காலை ஆறரைக்குக் கைப்பேசி அடித்தது. செய்தியைப் படித்திருந்தார். சொத்து வரி இவ்வளவு வரும் என்று போட்டிருக்கிறார்களே, போன ஆண்டும் அப்படிப் போட்டு எவ்வளவு வந்தது, பழைய நிலுவை எவ்வளவு, குடிநீர்க் கட்டணத்தில் எவ்வளவு, மேலப்பாளையம் மாட்டுச் சந்தை ஏலத்தில் எவ்வளவு என்று அடுக்கினார். மூன்றாவது கேள்வியிலேயே நான் பேனாவைத் தேடத் தொடங்கியிருந்தேன். போன ஆண்டுப் பட்ஜெட் புத்தகத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லிவிட்டு வைத்தார். அது அலுவலகத்தில் இல்லை. மாநகராட்சியில் கேட்டு வாங்கியிருக்கிறேன். பாதி வரை வந்திருக்கிறேன்.